ஹியூரன் ஏரியில் குளிராமல் சுழியோட: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய நான்கு மணி நேரம் காரோட்டினால் புரூஸ் குடாநாட்டின் நுனியில் டொபர்மோரி வரும். ஒருபுறம் ஹியூரன் ஏரி, மறுபுறம் ஜோர்ஜியன் விரிகுடா. 1987-இல் அமைந்த ஃபாதம் ஃபைவ் தேசியக் கடற்பூங்கா அங்கேதான் இருக்கிறது. பெயரில் கடல் இருந்தாலும் தண்ணீர் முழுக்க நன்னீர். இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் அதன் அடியில் கிடக்கின்றன. குளிர்ந்த நன்னீரில் மரத்தை அரிக்கும் கப்பல் புழு கிடையாது. அதனால் நூறு வருடம் தாண்டிய பாய்க்கப்பல்கள்கூட இன்னும் கப்பல் வடிவத்திலேயே இருக்கின்றன.

திருகோணமலையிலோ பாண்டிச்சேரியிலோ, மெக்சிகோவுக்கு விடுமுறை போன இடத்திலோ 28 பாகை (செல்சியஸ்) தண்ணீரில் ஸ்கூபா பழகிய நம்மவர்கள், இந்தக் கப்பல்களைப் பார்க்க ஆசைப்பட்டு என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நோர்வேயிலோ ஸ்கொட்லாந்திலோ இறங்குகிறவர்களுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும். பயிற்சி வகுப்புக்கு இது மாற்று அல்ல.

ஓகஸ்டில்தான் போகிறோம். மேலே தண்ணீர் 20 பாகைக்குக் கிட்ட இருக்கும் என்கிறார்கள். பிறகு எதற்கு இவ்வளவு ஆயத்தம்?

அந்த 20 பாகை மேற்பரப்புக்கு மட்டும்தான். கொஞ்சம் இறங்கினால் தெர்மோக்ளைன் வரும். வெதுவெதுப்பான நீரும் குளிர்நீரும் சந்திக்கிற எல்லை அது. சில இடங்களில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம், நீர் நெளிவது போலத் தெரியும். அதைத் தாண்டினால் 4 முதல் 6 பாகைதான், ஓகஸ்டிலும்கூட. நன்னீர் 4 பாகையில்தான் அதிக அடர்த்தியோடு இருக்கிறது. அந்தக் கனமான நீர் அடியில் போய்த் தங்கிவிடுகிறது, கோடை வெயில் அங்கே எட்டுவதில்லை.

அதனால் எந்தக் கப்பலுக்குப் போகிறீர்கள் என்பதுதான் முக்கியம். 1885-இல் மூழ்கிய ‘ஸ்வீப்ஸ்டேக்ஸ்’ பிக் டப் துறைமுகத்தில் 6 மீட்டர் ஆழத்துக்குள் இருக்கிறது, கோடையில் அங்கே பெரிய சிக்கல் இல்லை. 1999-இல் வேண்டுமென்றே மூழ்கடித்த ‘நயாகரா 2’ 30 மீட்டரில் கிடக்கிறது. 1884-இல் போன ‘அரேபியா’ அதற்கும் கீழே, 33 மீட்டர் அளவில். இந்த இரண்டிலும் வருடம் முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலைதான்.

காற்றில் 15 பாகை என்றால் ஒரு ஸ்வெட்டரோடு நடந்து போகிறோம். தண்ணீரில் மட்டும் ஏன் நடுங்குகிறது?

தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. தோலை ஒட்டியிருக்கும் நீரைச் சூடாக்கவும் உடல் நிறையச் செலவழிக்க வேண்டும். நீங்கள் அசைந்ததும் அந்த நீர் போய்ப் புதுக் குளிர்நீர் வந்துவிடும். இதோடு, சிலிண்டரிலிருந்து வரும் காற்று குளிர்ந்தது, ஈரமே இல்லாதது. ஒவ்வொரு மூச்சிலும் அதைச் சூடாக்கி, ஈரமாக்கி வெளியே விடுகிறீர்கள். ஆழம் கூடக் கூட அந்தக் காற்று அடர்த்தியாகும், அதற்கேற்ப இழப்பும் கூடும். நல்ல உடை போட்டவருக்கும் இந்த வழியாக வெப்பம் போய்க்கொண்டேதான் இருக்கும்.

வெட்சூட் என்ற ரப்பர் உடைக்குள் புகும் தண்ணீர் சூடாகி நம்மைக் காப்பாற்றுகிறது என்றுதானே வகுப்பில் சொன்னார்கள்?

பல வகுப்புகளில் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் அது பாதி உண்மைதான். காப்பது நியோப்ரீன் ரப்பருக்குள் அடைபட்டிருக்கும் குட்டிக் குட்டி வாயுக் குமிழிகள். 1950-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் வெட்சூட்டை உருவாக்கிய இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் பிடித்துக்கொண்ட விஷயமே இதுதான்: ஆள் நனைந்தாலும் பரவாயில்லை, உடைக்குள் வாயு இருந்தால் போதும். உள்ளே வரும் நீர் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கழுத்து வழியாகவும் முதுகு ஜிப் வழியாகவும் நீர் வந்து போய்க்கொண்டிருந்தால், 7 மி.மீ. உடை போட்டிருந்தாலும் கூரை ஒழுகும் வீட்டில் அடுப்பு மூட்டிய கதைதான்.

குமிழிகள்தான் காப்பு என்பதால் ஆழத்தில் ஒரு சிக்கல் வருகிறது. 30 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல நான்கு மடங்கு. குமிழிகள் நசுங்கி உடையின் தடிப்பு பாதிக்கு அருகில் வந்துவிடும். தண்ணீர் மிகக் குளிராக இருக்கிற அதே ஆழத்தில்தான் உங்கள் உடை மிக மெல்லியதாக இருக்கிறது. பல பருவங்கள் பாவித்துத் தேய்ந்த வாடகை உடைகளில் இந்தக் குமிழிகள் ஏற்கெனவே தட்டையாகியிருக்கும். கையால் அமுக்கிப் பாருங்கள், அட்டை மாதிரி இருந்தால் வேறொன்று கேளுங்கள்.

சரி, எனக்கு வெட்சூட் போதுமா, உள்ளே நீர் புகாத ட்ரைசூட்தான் வேண்டுமா?

தெர்மோக்ளைனுக்கு மேலேயே நிற்கப் போகிறீர்கள் என்றால், 7 மி.மீ. வெட்சூட்டும் தலையோடு சேர்ந்த தொப்பியும் கையுறையும் காலணியும் போதும். அளவு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். செமிட்ரை எனப்படும் வகையில் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கழுத்திலும் இறுக்கமான மடிப்புகள் இருப்பதால் நீரோட்டம் குறையும். கையில் காசிருந்தால் அதை வாங்கலாம்.

தெர்மோக்ளைனுக்குக் கீழே போய் அரை மணி நேரம் கப்பலைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றால் ட்ரைசூட்தான். 7 மி.மீ. வெட்சூட்டோடு ‘அரேபியா’வுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தைரியசாலிகள் என்று நான் நினைப்பதில்லை. குளிரைத் தாங்கிக்கொண்டு இருப்பது சுழியோடுவதில் ஒரு திறமையே இல்லை. நடுங்கிக்கொண்டிருப்பவருக்குக் கப்பலும் தெரியாது, காற்று மானியும் தெரியாது, பக்கத்தில் இருக்கும் தோழரும் தெரிய மாட்டார்.

ஒரு சின்ன லாபமும் உண்டு. வெட்சூட்காரருக்குப் பெரிய சோதனை தண்ணீருக்குள் இல்லை, வெளியே வந்த பிறகுதான். நனைந்த உடையோடு படகில் காற்றில் உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேரத்தில் போகிற வெப்பம் இரண்டாவது டைவைக் கெடுத்துவிடும். ட்ரைசூட்காரர் காய்ந்த உடம்போடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

ட்ரைசூட்டை வாடகைக்கு எடுத்து அங்கேயே போட்டுக்கொண்டு இறங்கலாமா?

வேண்டாம். அதற்குத் தனியாக ஒரு சிறு பயிற்சி இருக்கிறது. ட்ரைசூட்டுக்குள் இருக்கும் காற்று மேலே வர வர விரியும். தலைகீழாக நீந்தினால் அந்தக் காற்று கால்களுக்குப் போய்விடும். தோளில் இருக்கும் வால்வு வழியாக அதை வெளியேற்ற முடியாமல், காலை மேலே தூக்கியபடி மேற்பரப்புக்கு இழுத்துக்கொண்டு போகும். அதிலிருந்து குட்டிக்கரணம் போட்டு நிமிர்வதை நீச்சல் குளத்தில் பழகிக்கொள்ள வேண்டும். மூழ்குவதற்காகக் கட்டும் ஈயப்பாரத்தின் கணக்கும் மாறும். தடித்த உள்ளுடைக்குப் பாரம் கூட்ட வேண்டும், ஆனால் நன்னீர் என்பதால் கடலில் போட்டதைவிட ஓரளவு குறைக்க வேண்டும். ஆளும் கருவிகளும் சேர்ந்து 100 கிலோ என்றால் அந்தக் குறைப்பு 2.5 கிலோ அளவில் வரும்.

ட்ரைசூட்டுக்குள் என்ன உடுத்துவது? ஜீன்ஸும் டீசேர்ட்டும் போதுமா?

பருத்தி வேண்டவே வேண்டாம். வியர்வையோ கசிவோ பட்டால் பருத்தி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்போடு ஒட்டிக் குளிரைக் கொடுக்கும். தோலோடு மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ மெல்லியதாக ஒன்று. அதற்கு மேல் ஃபிளீஸ் அல்லது தின்சுலேட் என்ற செயற்கை இழை உள்ளுடை. 4 பாகைக்குத் தடித்த வகையையே எடுங்கள். மெல்லிய ட்ரைலாமினேட் (மூன்றடுக்குத் துணி) ட்ரைசூட் ஒரு மழைக்கோட்டு மாதிரிதான், அது தானாக எந்தக் காப்பும் தராது. காப்பு முழுவதும் உள்ளுடையிலும் அதற்குள் நிற்கும் காற்றிலும்தான் இருக்கிறது.

இதனால்தான் இறுக்கமான ட்ரைசூட் குளிரும். உள்ளே ஐந்து உடுப்பைத் திணித்து எல்லாவற்றையும் நசுக்கினால் காற்று நிற்க இடமில்லை. பாரத்தைக் குறைப்பதற்காக உடைக்குள் காற்றே விடாமல் இறங்குகிறவர்களும் குளிரில் வாடுவார்கள், தோலில் சிவப்புத் தழும்போடு வருவார்கள்.

காரில் சூடேற்றியைப் போட்டுக்கொண்டு, உள்ளுடையையும் மாட்டிக்கொண்டு, வியர்க்க வியர்க்க வருவதும் கெடுதல்தான். உடையை மூடுவது கடைசி வேலையாக இருக்கட்டும்.

ஆர்கன் வாயுவை உடைக்குள் நிரப்பினால் நல்ல சூடாமே?

கணக்குப்படி உண்மை. ஆர்கன் வெப்பத்தைக் கடத்துவது காற்றின் மூன்றில் இரண்டு பங்குதான். நடைமுறையில், சுழியோடிகளை வைத்துச் செய்த சோதனைகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. வாடகை, தனிச் சிலிண்டர், இன்னொரு ஹோஸ் எல்லாம் போக, அந்தச் சிலிண்டரில் மறந்துபோய் மூச்சுக் குழாயைப் பொருத்தினால் உயிர் போகும், அதில் ஒட்சிசன் இல்லை. பொழுதுபோக்குக்குச் சுழியோடுகிறவர்கள் அந்தக் காசில் நல்ல உள்ளுடை வாங்கலாம். ஹீலியம் கலந்த வாயுவில் மூச்செடுப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அதை உடைக்குள் விடாதீர்கள். ஹீலியம் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும்.

ட்ரைசூட் கிழிந்து தண்ணீர் புகுந்தால் கல் மாதிரி அடிக்குப் போய்விடுவேனா?

இல்லை. உள்ளே வந்த தண்ணீரும் வெளியே இருக்கும் தண்ணீரும் ஒரே எடைதான். காற்று போன இடத்தின் மிதப்பு மட்டும் குறையும், அதை பி.சி.டி.யில் (காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கி) காற்று விட்டுச் சரிசெய்யலாம். உண்மையான ஆபத்து குளிர். காப்பு போய்விட்டது, அதனால் டைவ் முடிந்தது. ஏணியில் ஏறும்போதுதான் அந்தத் தண்ணீரின் எடை தெரியும், மெதுவாக ஏறுங்கள்.

உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறது என்பார்களே?

அது பழைய கதை. பெரியவர்களின் தலை உடல் பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், சூடும் ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் போகும். ஆனால் மற்ற இடமெல்லாம் நியோப்ரீன் போர்த்தி, தலையை மட்டும் திறந்து விட்டால் கணக்கு மாறிவிடும். கை கால்களில் குளிர் பட்டதும் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்தத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். தலையில் அப்படி நடப்பது குறைவு. ஆகவே தொப்பி கட்டாயம்.

தொப்பி கழுத்தை நெரிக்கக் கூடாது. கழுத்தின் பக்கவாட்டு நாடியை அழுத்தினால் நாடித்துடிப்பு குறைந்து தலை சுற்றும். காதுக்கும் ஒரு கவனம் வேண்டும்: ஒரு காதுக்குள் மட்டும் குளிர்நீர் திடீரென்று புகுந்தால் உலகமே சுழலும். இறங்குவதற்கு முன் மேற்பரப்பிலேயே தொப்பியைக் கொஞ்சம் விலக்கி இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட்டுக்கொள்வது நல்லது. முகத்தையும் அப்போதே நனைத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் விண்விண்ணென்று ஒரு வலி வரும், மூச்சு வேகமெடுக்கும். அது அடங்கிய பிறகு இறங்குங்கள்.

எனக்கு உடம்பு பரவாயில்லை, விரல்கள்தான் மரத்துப்போகின்றன. தடித்த கையுறை வாங்கட்டுமா?

வாங்கலாம், ஆனால் முதலில் மார்பையும் வயிற்றையும் சூடாக வையுங்கள். உடலின் நடுப்பகுதி குளிர்ந்தால் முதலில் பலியாவது விரல்கள். நல்ல மேலுடை போட்டதும் பழைய கையுறையே போதுமானதாகிவிடுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். அதன் பிறகும் குளிர்ந்தால் 5 மி.மீ. ஐந்து விரல் கையுறையிலிருந்து மூன்று விரல் கையுறைக்கு மாறலாம், அல்லது ட்ரைசூட்டின் கையோடு வளையத்தில் பூட்டும் உலர்ந்த கையுறைக்கு. சின்னக் கையுறையை இழுத்து மாட்டினால் இரத்த ஓட்டமே நின்றுவிடும்.

தடித்த கையுறையோடு வால்வை அமுக்க, ஈயப்பாரத்தைக் கழற்ற, முகமூடியைச் சரிசெய்ய முடிகிறதா என்று குளத்தில் பழகிப் பாருங்கள். தண்ணீருக்குள் ஒரு சுலபமான சோதனை உண்டு: பெருவிரலால் சுண்டுவிரலைத் தொட முடியவில்லை என்றால் திரும்ப வேண்டிய நேரம் கடந்துவிட்டது.

ஃபிளாஸ்க்கில் கொண்டுபோன இளஞ்சூட்டு நீரை ஈரக் கையுறையிலும் காலணியிலும் இறங்குவதற்கு முன் ஊற்றிக்கொள்வதும் உண்டு. மலிவான யோசனை, நன்றாக வேலை செய்யும்.

பற்றரியில் இயங்கும் சூடேற்றி வெஸ்ட் வாங்கலாமா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இது இதமாக இருப்பதைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல.

அமெரிக்கக் கடற்படையின் பரிசோதனைச் சுழியோடல் பிரிவு 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஆட்களை ஏறக்குறைய 37 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்துக்குக் கொண்டுபோனார்கள். சிலருக்கு அடியில் இருக்கும்போது 36 பாகை நீர், மேலே வரும்போது 27 பாகை நீர். சிலருக்கு அப்படியே தலைகீழாக. எல்லோருக்கும் டிகம்ப்ரஷன் நேரம், அதாவது கரைந்த வாயு வெளியேற ஏறும் வழியில் நின்று காக்கும் நேரம், ஒன்றே. அடியில் சூடாகவும் ஏறும்போது குளிராகவும் இருந்தவர்களில், அடியில் 30 நிமிடமே இருந்தும் 22 வீதமான டைவ்களில் டிகம்ப்ரஷன் நோய் (உடலில் கரைந்த வாயு குமிழியாவதால் வருவது) வந்தது. அடியில் குளிராகவும் ஏறும்போது சூடாகவும் இருந்தவர்கள் அடியில் 70 நிமிடம் இருந்தார்கள், அவர்களுக்கு வந்தது 1.3 வீதம்.

காரணம் இரத்த ஓட்டம். உடல் சூடாக இருந்தால் கை கால், தோல் எல்லாவற்றுக்கும் இரத்தம் நன்றாகப் போகும், அதோடு நைட்ரஜனும் போகும். பிறகு ஏறும்போது குளிர்ந்தால் குழாய்கள் சுருங்கும். உள்ளே போன நைட்ரஜன் வெளியே வர வழி குறைந்துவிடும். உங்கள் டைவ் கம்ப்யூட்டருக்கு ஆழமும் நேரமும் தெரியும், விரல் விறைத்திருப்பது தெரியாது. சில கம்ப்யூட்டர்கள் நீரின் வெப்பநிலையைக் கணக்கில் எடுக்கும், ஆனால் உங்கள் உடலின் வெப்பநிலை அவற்றுக்கும் தெரியாது.

சாதாரண டைவ் ஒன்று எப்படிப் போகிறது என்று யோசியுங்கள். இறங்கும்போது சூடாக இருக்கிறோம், அடியில் சுறுசுறுப்பாக நீந்துகிறோம், கடைசியில் பாதுகாப்பு நிறுத்தத்துக்காக 5 மீட்டரில் அசையாமல் நின்று நடுங்குகிறோம். ஆய்வில் மோசமாக வந்த வரிசை இதுவேதான். பற்றரி வெஸ்ட் அதை இன்னும் மோசமாக்கலாம்: இறங்கும்போதே முழுச் சூட்டில் போட்டுவிட்டு, ஏறுகிற நேரத்தில் பற்றரி தீர்ந்துபோனால் அதே நிலைதான்.

ஆகவே என் பதில் இது. வெஸ்ட் இல்லாமலேயே அந்த டைவை முடித்துவிடக் கூடிய அளவுக்கு உடையும் உள்ளுடையும் இருக்க வேண்டும். அது இருந்தால் வெஸ்ட் வாங்குங்கள். அடியில் அணைத்து வையுங்கள் அல்லது மிகக் குறைவாக வையுங்கள், ஏறத் தொடங்கும்போது கூட்டுங்கள். வெஸ்ட் பழுதானால் உடனே டைவை முடித்து, பாதுகாப்பு நிறுத்தத்தைக் கொஞ்சம் நீட்டுங்கள். வேண்டுமென்றே அடியில் குளிர வேண்டும் என்று ஆய்வு சொல்லவில்லை. ஏறும்போது குளிரக் கூடாது என்பதை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

மேலே வந்ததும் சுடுதண்ணீரில் குளித்தால் என்ன சுகமாக இருக்கும்!

இருக்கும், ஆனால் கொஞ்சம் பொறுங்கள். தோலைத் திடீரென்று சூடாக்கினால் அங்கே கரைந்திருக்கும் வாயு குமிழியாக வெளியேற வாய்ப்புண்டு. நன்றாகக் குளிர்ந்த ஒருவருக்கு இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கமும் வரலாம். காய்ந்த உடுப்பு, காற்றுப் புகாத கோட்டு, கம்பளித் தொப்பி, சூடான பானம். உடம்பு தானாகச் சூடேறியதும் குளிக்கலாம்.

ரெகுலேட்டர் தண்ணீருக்குள் உறைந்துவிடுமா?

உறையும். ரெகுலேட்டர் என்பது சிலிண்டர் காற்றின் அழுத்தத்தை மூச்சுக்கு ஏற்றபடி குறைக்கும் கருவி. 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்று, சிலிண்டரோடு பூட்டும் அதன் முதல் நிலையில் விரியும்போது பூச்சியத்துக்குக் கீழே குளிர்கிறது. சுற்றியுள்ள தண்ணீர் 4 பாகை என்றால் அதைப் பனிக்கட்டியாக்க அதிகம் தேவையில்லை. கடல்நீர் ஏறக்குறைய -1.9 பாகையில்தான் உறையும், நன்னீர் 0 பாகையிலேயே உறைந்துவிடும், அதனால் ஏரியில் இந்த ஆபத்து கூட. உறைந்தால் வால்வு மூடாமல் காற்று கொட்டிக்கொண்டே இருக்கும், ஆழத்தில் சில நிமிடங்களில் சிலிண்டர் காலியாகிவிடும்.

ஐரோப்பிய ஈ.என். 250 தரத்தில் 10 பாகைக்குக் கீழே குளிர்நீர் என்று கணக்கு. அதற்குச் சோதிக்கப்படாத ரெகுலேட்டரில் 10 பாகைக்கு மேல் மட்டும் என்று பொறித்திருக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த ரெகுலேட்டரைத் திருப்பிப் பாருங்கள். வேண்டியது நீர் புகாதபடி அடைத்த முதல் நிலை. பழக்கமும் முக்கியம்: இறங்குவதற்கு முன் குளிர்காற்றில் அதில் மூச்சுவிட்டுப் பார்க்காதீர்கள், காற்றை வலிந்து வெளியேற்றும் பர்ஜ் பொத்தானை அமுக்கி விளையாடாதீர்கள், பி.சி.டி.யில் காற்று விடும் அதே நொடியில் மூச்செடுக்காதீர்கள். சிறிது சிறிதாக விடுங்கள்.

கேட்க வெட்கமாக இருக்கிறது... வெட்சூட்டுக்குள் சிறுநீர் கழித்தால் சூடாகுமா?

எல்லோரும் கேட்கிறார்கள், பாதிப்பேர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு. ஒரு நிமிடம் இதமாக இருக்கும். உங்கள் உடலுக்குள் இருந்த சூடுதான் வெளியே வந்திருக்கிறது, புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அடக்கிக்கொண்டு இருப்பதிலும் பலன் இல்லை. குளிரில் இரத்தம் நடுப்பகுதிக்கு வருவதால் சிறுநீரகம் கூடுதலாக வேலை செய்கிறது, ஆகவே அது வந்தே தீரும். அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவதுதான் தப்பு, உடலில் நீர் குறைந்தால் டிகம்ப்ரஷன் ஆபத்து கூடலாம். ட்ரைசூட்காரர்களுக்கு வெளியேற்றும் வால்வு உண்டு, பெண்களுக்கும் அதற்கேற்ற சாதனம் இருக்கிறது. இல்லையென்றால் பெரியவர்களுக்கான டயப்பர். அதில் ஒரு வெட்கமும் இல்லை. உடையை வாடகைக்குத் தந்த கடைக்காரரின் முகத்தை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெக் பிராண்டி?

வேண்டாம். மது தோலுக்கு இரத்தத்தை அனுப்பிச் சூடாக இருப்பது போலக் காட்டும், உள்ளே உடல் குளிர்ந்துகொண்டிருக்கும். நடுக்கத்தையும் தீர்மானிக்கும் புத்தியையும் சேர்த்தே கெடுக்கும். நடுங்குவதற்கு எரிபொருள் வேண்டும், ஆகவே நன்றாகச் சாப்பிடுங்கள். எங்கள் படகில் அதிகம் விலை போவது ஃபிளாஸ்க்கில் வரும் மிளகு ரசம்தான். மற்ற நாட்டுக்காரர்களும் கோப்பையை நீட்டுகிறார்கள்.

நாங்கள் வெயில் நாட்டு ஆட்கள். இந்தக் குளிர் நமக்குப் பழகுமா?

பழக்கத்தைப் பற்றிச் சொல்வதற்கு நல்ல சான்று தென்கொரியாவின் ஹேன்யோ பெண்கள். கடலடியில் சிப்பியும் பாசியும் எடுத்த இவர்கள் 1970-கள் வரை மெல்லிய பருத்தி உடையோடு, 10 பாகைக் குளிர்காலக் கடலிலும் மூச்சடக்கி இறங்கினார்கள். உடலியலாளர் சுக் கி ஹொங்கும் கூட்டாளிகளும் அவர்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். குளிர்காலத்தில் அவர்களின் அடிப்படை வளர்சிதை மாற்றம் உயர்ந்திருந்தது, நடுக்கம் மற்றவர்களைவிடத் தாமதமாகவே தொடங்கியது. பிறகு வெட்சூட் வந்தது. சில வருடங்களில் அந்தத் தனித்தன்மை எல்லாம் மறைந்துபோனது.

ஆக, தினமும் மாதக்கணக்கில் குளிரில் கிடந்தால் உடல் மாறும். கோடையில் சில வார இறுதிகள் போய் வருகிறவருக்கு அப்படி எதுவும் நடக்காது. நடப்பது மனப் பழக்கம்: முகத்தில் தண்ணீர் பட்டதும் வரும் பதற்றம் குறையும். அது நல்லதுதான், ஆனால் வெப்பம் அதே வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கும். பிறந்த ஊரைவிட உடலமைப்புதான் கணக்கு. மெலிந்தவர்களும் சிறிய உடம்புக்காரர்களும் சீக்கிரம் குளிர்வார்கள். கூட்டத்தில் அவர்களின் நேரத்தை வைத்தே டைவைத் திட்டமிட வேண்டும்.

எனக்கு பிரஷரும் சர்க்கரையும் இருக்கிறது. மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. இறங்கலாமா?

இதைச் சுழியோடல் தெரிந்த மருத்துவரிடம் கேளுங்கள், பயிற்சியாளரிடம் அல்ல, என்னிடமும் அல்ல. ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், தெற்காசியர்களிடம் இதய நோய் அதிகம், இளவயதிலேயே வருகிறது. குளிர்நீர் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றுகிறது. உயர் இரத்த அழுத்தமும் குளிர்நீரும் இறுக்கமான உடையும் சேர்ந்தால், தண்ணீருக்குள்ளேயே நுரையீரலில் நீர் கோர்க்கும் அபாயம் கூடும். காரணமில்லாமல் மூச்சு வாங்குவது, இருமல், நுரைத்த சளி ஆகியவை அடையாளம். வந்தால் உடனே வெளியே, பிறகு ஒட்சிசன், மருத்துவமனை.

சர்க்கரைக்காரர்களுக்கு வேறொரு சிக்கல். சர்க்கரை இறங்கினாலும் நடுக்கம், குழப்பம். குளிரினாலும் அதே நடுக்கம், அதே குழப்பம். எது என்று தோழருக்குத் தெரியாது. ஆகவே முதலிலேயே சொல்லி வையுங்கள், மறைக்காதீர்கள்.

எப்போது திரும்ப வேண்டும்?

நடுக்கம் தொடங்கும் முன். முதல் நடுக்கத்திலேயே கைச்சைகை காட்டி ஏறத் தொடங்கினால் பாதுகாப்பு நிறுத்தத்தில் சமாளிக்கலாம். கையால் ஒரு வேலையை முடிக்க முடியாமல் போவது, மானியைப் பார்த்தும் எண் மனதில் நிற்காமல் போவது, தோழரின் சைகைக்குத் தாமதமாகப் பதில் சொல்வது எல்லாம் அடுத்த கட்டம். நடுங்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று நடுக்கம் நின்று ‘இப்போ பரவாயில்லை’ என்றால் அதுதான் பயப்பட வேண்டிய நிலை.

கட்டாய டிகம்ப்ரஷன் நிறுத்தம் இருக்கிற டைவை இந்தத் தண்ணீரில் செய்யாமல் இருப்பதற்குக் காரணமும் இதுவே. நினைத்தவுடன் மேலே வர முடிய வேண்டும்.

ஒருவர் விறைத்துப்போய் மேலே வந்தால் என்ன செய்வது?

உடலின் உள் வெப்பநிலை 35 பாகைக்குக் கீழே போனால் அது ஹைப்போதெர்மியா. நடுங்கிக்கொண்டு, தெளிவாகப் பேசுகிறார் என்றால்: காற்றில்லாத இடம், ஈர உடையைக் கழற்றிக் காய்ந்த உடுப்பு, போர்வை, இனிப்பான சூடான பானம். சிறிது நேரம் உட்கார வையுங்கள். நடந்து சூடேற்றிக்கொள்ளச் சொல்லாதீர்கள், வெளியே வந்த பிறகும் உள்வெப்பம் கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும்.

நாக்கு குழறினால், நடுக்கம் நின்றிருந்தால், குழம்பிப் பேசினால் 911-ஐ அழையுங்கள். படுக்க வைத்து, மெதுவாகக் கையாளுங்கள். கை கால்களைத் தேய்க்க வேண்டாம், வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம். சூடான பொதிகளைத் துணியில் சுற்றி மார்பிலும் அக்குளிலும் வையுங்கள்.

உடை இல்லாமல் படகுத்துறையில் தவறி விழுபவர்களையும் நினைவில் வையுங்கள். மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லித்தரும் கணக்கு 1-10-1: மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கை கால் வேலை செய்யும் 10 நிமிடம், குளிரால் நினைவிழக்க 1 மணி நேரம். விழுந்தவுடன் பதறி நீந்தாமல் மூச்சை அடக்கச் சொல்லிப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள்.

முதல் தடவை. எங்கே தொடங்கலாம்?

முதலில் பார்க்ஸ் கனடாவிடம் பதிவு செய்யுங்கள், பூங்காவில் சுழியோட அது கட்டாயம். பிறகு ‘ஸ்வீப்ஸ்டேக்ஸ்’. சுற்றுலாப் படகுகள் வந்துபோகும் இடம் என்பதால் எந்த நேரம் இறங்கலாம் என்று பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது தெர்மோக்ளைனைத் தொட்டுவிட்டுத் திரும்பும் ஒரு டைவ். அதில் கப்பலைப் பார்ப்பதைவிட, உங்கள் உடை எங்கே ஒழுகுகிறது, எந்த விரல் முதலில் மரக்கிறது, காற்று எவ்வளவு கூடுதலாகச் செலவாகிறது என்பதைப் பாருங்கள். ‘நயாகரா 2’ அடுத்த பருவத்துக்கு. ‘அரேபியா’ அதற்கும் பிறகு. அங்கே சுழியோடிகள் உயிரிழந்திருக்கிறார்கள், ஆழமும் குளிரும் சேர்ந்த இடம் அது.